ஹால்ஸ்டாட்டில் போர்ட்ரெய்ட் எடுக்க

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டில் போர்ட்ரெய்ட் எடுக்கத் திட்டமிடுகிறீர்களா? லென்ஸ் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் எங்கே தங்குவது என்று முடிவு செய்யுங்கள். ரயில் நிலையம் ஏரிக்கு அக்கரையில் இருக்கிறது. ரயில் வரும் நேரத்தை ஒட்டித்தான் படகு ஓடும், விடியலுக்கு அது கைகொடுக்காது. சால்ஸ்பர்க்கில் அறை போட்டுக் காலையில் வந்துவிடலாம் என்ற கணக்கு அதனால்தான் பொய்த்துப்போகும். ஊருக்குள்ளோ, பக்கத்து ஓபர்ட்ரவுனிலோ முந்தின இரவே தங்கிவிட வேண்டும். வாடகை கூடுதல்தான். ஆனால் படத்தின் தரம் பாதி அதில்தான் இருக்கிறது.

காரணம் கூட்டம். எழுநூற்றுச் சொச்சம் பேர் வாழும் ஊர் இது. கூட்டம் மிகுந்த நாட்களில் 10,000 பேர் வரை வந்து குவிகிறார்கள். 1997-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. 2012-இல் சீனாவின் குவாங்டோங்கில் இதைப் பார்த்து ஒரு நகல் ஊரே கட்டிவிட்டார்கள். காலை ஒன்பது, பத்து மணிக்கு மேல் உங்கள் படத்தின் பின்னணியில் யாரோ ஒருவர் செல்ஃபி குச்சியோடு நிற்பார்.

அடுத்தது வெயில். ஊர் ஏரியின் மேற்குக் கரையில், செங்குத்தான மலையின் காலடியில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. கிழக்கு வெளிச்சம் வீடுகளின் முகத்தில் விழும். பிற்பகலில் சூரியன் மலைக்குப் பின்னால் போய்விட்டால் ஊர் முழுக்க நிழல்தான். மாலைப் பொன்வெயிலை நம்பி இங்கே வராதீர்கள். செப்டம்பர் நடுவில் சூரிய உதயம் ஏறக்குறைய 6.45 மணி. கிழக்கேயும் மலை இருப்பதால் நேர்வெயில் இறங்க இன்னும் நேரமாகும். அந்த இடைவெளியில் கிடைக்கும் மென்மையான வெளிச்சம்தான் முகத்துக்கு உகந்தது.

முந்தின நாள் மாலை காமிரா இல்லாமல் ஒருமுறை நடந்து பாருங்கள். ஊரின் வடக்குக் கோடியில், ஏரியோரச் சாலையில் இருக்கிறது அந்தப் புகழ்பெற்ற இடம். அஞ்சலட்டைகளில் வரும் கோணம். கூட்டத் தொல்லை தாங்காமல் 2023 மே மாதத்தில் அங்கே மரவேலி போட்டுக் காட்சியை மறைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் சில நாட்களில் எடுத்துவிட்டார்கள். ஊர்க்காரர்களின் மனநிலை புரிய இது ஒன்றே போதும்.

உடையில் நீலமும் பச்சையும் வேண்டாம். ஏரியிலும் மலையிலும் அவை ஏராளம். பட்டுப்புடவைதான் என்றால் அரக்கும் கடுகு மஞ்சளும் அந்தப் பழுப்பு மரவீடுகளுக்கு முன்னால் எடுப்பாக இருக்கும். கோடையிலும் விடிகாலை குளிரும். நடுங்கும் தோளை எந்த லென்ஸும் மறைக்காது. படங்களுக்கு இடையில் போர்த்திக்கொள்ள ஒரு சால்வை கையில் இருக்கட்டும். நிறையப் படிகள் ஏறி இறங்க வேண்டும், குதிகால் செருப்பைப் பையில் போட்டுக்கொண்டு வரலாம்.

காலையில் அந்த அஞ்சலட்டை இடத்தில் நின்றால் வெளிச்சம் இடப்புறம், ஏரிப்பக்கமிருந்து கன்னத்தில் படும். 50 மி.மீ. லென்ஸ் போதும். அப்பர்ச்சரை எஃப் 4-க்கும் 5.6-க்கும் இடையில் வையுங்கள். 1.4-இல் எடுத்தால் பின்னணி கரைந்து எந்த ஊர் என்றே தெரியாமல் போய்விடும், அதற்கு இவ்வளவு தூரம் வந்திருக்க வேண்டாம். லூத்தரன் தேவாலயத்தின் கூர்கோபுரம் தலையில் முளைத்தாற்போல் நிற்கிறதா என்று பாருங்கள்; நின்றால் ஆளை இரண்டடி நகர்த்துங்கள். ஏரியின் பளபளப்பில் காமிரா ஏமாந்து மாநிற முகத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை அரை ஸ்டாப்பிலிருந்து ஒரு ஸ்டாப் வரை கூட்டுங்கள். மலைநிழல் தோலில் நீலம் பூசும். ஒயிட் பேலன்ஸை நிழலுக்கான அமைப்பில் வைத்து, ரா கோப்பாகவே எடுங்கள்.

வெயில் ஏறியதும் சந்தைச் சதுக்கத்துக்கு நகரலாம். அங்கே ஒரு வீட்டுச் சுவரோடு சுவராகத் தட்டையாகப் படரவிட்ட மரம் உண்டு. கிளைகள் ஜன்னல்களைச் சுற்றி வளைந்து போகும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி ஆளை நிறுத்தி, பக்கவாட்டில் எடுத்தால் கிளையும் முகமும் சேர்ந்து அமையும். எனக்குக் கோபுரப் படத்தைவிட இதுவே பிடிக்கும்.

மேலே கத்தோலிக்கத் தேவாலயத்தை ஒட்டிய எலும்பு மாடத்தில் 600-க்கும் மேற்பட்ட, பெயரும் பூவும் தீட்டிய மண்டையோடுகள் இருக்கின்றன. போய்ப் பாருங்கள். போஸ் கொடுக்கும் இடமல்ல அது. யாருடைய வாசற்படியிலும் கேட்காமல் உட்காராதீர்கள். ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். காசு வாங்கிக்கொண்டு எடுக்கும் படப்பிடிப்பு என்றால் ஊராட்சிக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்டுக்கொள்வது நல்லது.

மழை வரும், இந்தப் பகுதியில் அது வழக்கம். ரத்து செய்யாதீர்கள். ஒரே நிறக் குடை ஒன்று இருந்தால் மூடுபனியும் ஈரக் கல்தரையும் உங்களுக்குச் சாதகம்.

ஒன்பது மணிக்குள் முடித்துக்கொண்டு, அக்கரைப் படகில் ஏறி, பின்தளத்தில் கடைசியாக ஒன்று எடுங்கள். ஊர் முழுவதும் ஒரே சட்டத்துக்குள் வருவது அங்கிருந்துதான்.