எவ்வளவு நேரம் சுற்றியது?

வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கத்து டீக்கடை. ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்த தம்பி, "ரெண்டு நாளா மயக்கமா வருதுண்ணே, பித்தம்தானே?" என்றார்.

மயக்கம், கிறுகிறுப்பு, தலைசுத்தல் என்று நாம் ஒன்றையே மூன்றாகச் சொல்வோம். மூன்றை ஒன்றாகவும் சொல்வோம். அதனால் பெயரை விட்டுவிட்டு, "எப்போ வருது, எவ்வளவு நேரம் இருக்கு?" என்று கேட்டேன்.

"படுக்கையில புரண்டா சுத்தும். அசையாம இருந்தா அரை நிமிஷத்துல நின்னுடும்."

அது பெரும்பாலும் காதுக் கோளாறு. உள்காதில் இருக்கும் கால்சியம் கார்பனேட் துகள் இடம் மாறியிருக்கும். டாக்டர் கட்டிலில் படுக்கவைத்து, தலையை முறையாகத் திருப்பியே அதைப் பழைய இடத்துக்கு அனுப்பிவிடுவார்.

எனக்குப் பயம் வேறொன்றில்தான். திடீரென்று ஆரம்பித்து, மணிக்கணக்காக நிற்காமல் சுற்றும், வாந்தி வரும். காது நரம்பு வீங்கினாலும் இப்படித்தான், சிறுமூளையில் ரத்தக்குழாய் அடைத்தாலும் இப்படித்தான். பிரித்துக் காட்டுவது கண். டாக்டர் நோயாளியின் தலையை இரு கையாலும் பிடித்து, "என் மூக்கையே பாருங்க" என்று சொல்லிச் சட்டென்று கொஞ்சம் திருப்புவார். காது நரம்பு பழுதென்றால் கண் தலையோடு போய்விட்டு, ஒரு துள்ளலில் மூக்குக்குத் திரும்பும். கண் அசராமல் மூக்கிலேயே நின்றால்தான் ஆபத்து! காது சரியாக வேலை செய்கிறது, அப்படியானால் கோளாறு மூளையில். கருவிழி ஆடும் திசை பார்க்கும் பக்கத்துக்கேற்ப மாறினாலும், கண்களை மாற்றி மாற்றி மூடும்போது விழி மேலும் கீழும் நகர்ந்தாலும் மூளையைத்தான் சந்தேகிக்க வேண்டும். வீட்டில் யாரும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கக் கூடாது. பழகிய கைக்குரிய வேலை அது.

2009-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், முதலில் எடுத்த எம்.ஆர்.ஐ. 100-க்கு 12 பேரிடம் பக்கவாதத்தைத் தவறவிட்டது. இந்தக் கண் சோதனை ஒருவரையும் விடவில்லை. சி.டி. ஸ்கேனுக்கோ சிறுமூளை அடைப்பு சுலபமாகத் தப்பிவிடும்.

தம்பி டீயைக் கீழே வைத்தார். "எங்கப்பாவுக்குப் போன வாரம் ராத்திரி முழுக்கச் சுத்துச்சு. உக்காரவே முடியல, சாஞ்சுட்டார். சி.டி. நார்மல்னு அனுப்பிட்டாங்க."

பிடிமானமின்றி உட்கார முடியாதது, நாக்குக் குழறுவது, இரட்டையாகத் தெரிவது: இதில் ஒன்று வந்தாலே 108-ஐ அழைக்க வேண்டும். அடைத்த ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரம்தான் கெடு.

"இப்போ எப்படி இருக்கார்?"

"செவுத்தப் புடிச்சிக்கிட்டு நடக்கறாரு."

"தூக்கம் அப்புறம். இன்னைக்கே நரம்பு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ. சி.டி. பிலிமையும் எடுத்துக்கோ."