நிறம் போனது, உப்பு போகவில்லை

ஒரு சிறிய சோதனையுடன் தொடங்குவோம். ஒரு தம்ளர் நீரில் இரண்டு தேக்கரண்டி சமையல் உப்பைக் கரையுங்கள். அதில் ஓரிரு சொட்டு நீல மையை விடுங்கள். அடுப்புக்கரியை நன்கு பொடித்துப் போட்டுக் கலக்குங்கள். சில மணி நேரம் கழித்து வடிதாளில் வடிகட்டுங்கள். நீல நிறம் பெருமளவு குறைந்துவிடும். இந்த நீரில் சிறிதளவை ஓர் எவர்சில்வர் தட்டில் ஊற்றி வெயிலில் வையுங்கள். நீர் வற்றியதும் தட்டில் வெண்ணிறப் படிகங்கள் இருக்கும். அவைதாம் நீங்கள் கரைத்த உப்பு.

கரி நிறத்தைப் பிடித்துக்கொண்டது. உப்பைப் பிடிக்க அதனால் இயலவில்லை. திருப்பூர் நகரமும் நொய்யல் ஆறும் பல ஆண்டுகள் பட்ட துன்பத்தின் சாரம் இந்தத் தட்டில் இருக்கிறது.

சாயத்துக்கு உப்பு எதற்கு?

பனியன் துணி பருத்தியால் ஆனது. பருத்தி இழை நீரில் நனையும்போது அதன் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் உண்டாகிறது. சாய மூலக்கூறுகளும் எதிர் மின்னூட்டம் உடையவை. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பதை நீங்கள் படித்திருப்பீர்கள். இந்த விலக்கத்தைத் தணித்து, சாயத்தை இழையின் பக்கம் தள்ளுவதற்குத்தான் உப்பைச் சேர்க்கிறார்கள். அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராமுக்கும் மேல் உப்பு தேவைப்படும். கடல்நீரில்கூட லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புதான் உண்டு!

சாயம் துணியில் ஏறிவிடுகிறது. ஆனால் உப்பு துணியில் ஒட்டுவதில்லை. துணியை அலசும்போது, ஒட்டாமல் எஞ்சிய சாயத்துடன் உப்பு முழுவதும் கழிவுநீரில் போய்ச் சேருகிறது.

ஆற்றுக்கு நேர்ந்தது என்ன?

நொய்யல் ஆறு வெள்ளியங்கிரி மலைப் பகுதியில் தோன்றி, கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் காவிரியில் கலக்கிறது. பாசனத்துக்காக 1992-இல் திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிக்கப்பட்டது. ஆனால் அணையில் சாயக் கழிவுநீர் தேங்கியது. நீரைத் திறந்துவிட்டால் பயிர் கெடும் என்று உழவர்கள் அஞ்சும் நிலை வந்தது. உழவனே அணையைத் திறக்காதே என்று கேட்பது எவ்வளவு பெரிய கொடுமை!

உப்புநீர் பயிரை ஏன் கெடுக்கிறது? எலுமிச்சை ஊறுகாயை நினைத்துப் பாருங்கள். நறுக்கிய எலுமிச்சையில் உப்பைப் போட்டதும் சாறு வெளியேறுகிறது அல்லவா? உப்புச் செறிவு மிகுந்த பக்கம் நோக்கி நீர், சவ்வைக் கடந்து செல்கிறது. இதுவே சவ்வூடு பரவல். மண்ணில் உப்பு மிகுந்தால் வேரால் நீரை உறிஞ்ச முடியாது. ஈரம் இருந்தும் பயிர் தாகத்தால் வாடும்.

கூடிச் செய்யும் வேலை

திருப்பூரின் சாயப் பட்டறைகள் பெரும்பாலும் சிறியவை. ஒவ்வொன்றும் தனித்தனியே சுத்திகரிப்பு ஆலை கட்டுவது எளிதன்று. எனவே பல பட்டறைகள் கூடிப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களை அமைத்தன. இப்படிப்பட்ட நிலையம் உறுப்பினர்களுக்குச் சொந்தமான ஒரு கம்பெனி. பட்டறைக்காரர்கள் பங்கு வாங்குகிறார்கள். தங்களுக்குள் இயக்குநர்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். யார் எவ்வளவு கழிவுநீர் அனுப்பலாம் என்பதற்கு அளவு உண்டு. குழாயில் மீட்டர் உண்டு. அனுப்பும் அளவுக்கு ஏற்பக் கட்டணம் செலுத்தவேண்டும். இவை அனைத்தையும் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கண்காணிக்கிறது.

1990-களின் பிற்பகுதியில் வந்த முதல் நிலையங்கள் சுண்ணாம்பையும் இரும்பு சல்பேட்டையும் கலந்து சாயத்தைத் திரளச் செய்து படியவைத்தன. நிறம் குறைந்தது. உப்போ நம் தட்டில் நின்றதுபோல் அப்படியே நின்றது. ஆற்றில் விடும் நீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. இந்த எல்லைக்குள் வர அந்த முறையால் முடியவில்லை.

இரண்டு சங்கங்கள்

நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. எதிர்த்தரப்பில் சாயத் தொழிற்சாலை உரிமையாளர்களின் சங்கம் நின்றது. 2006 டிசம்பரில், கழிவுநீர் ஒரு சொட்டும் ஆற்றுக்குப் போகாத நிலையைக் குறித்த கெடுவுக்குள் எட்டவேண்டும் என்று உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மாசு செய்தவரே அதற்கான செலவையும் ஏற்கவேண்டும் என்ற கொள்கையை 2009 அக்டோபரில் அந்த நீதிமன்றமும் உறுதி செய்தது. அதன் பிறகும் ஆணை நிறைவேறவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, சாயப் பட்டறைகளையும் பொது நிலையங்களையும் மூடும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. அவற்றை நம்பிய தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். ஆற்றோரத்து உழவரின் துன்பம் ஊருக்குள்ளும் வந்து சேர்ந்தது.

சவ்வைத் திருப்பிப் போட்டால்?

விடை சவ்விலேயே இருந்தது. உப்புநீரை மிகுந்த அழுத்தத்துடன் சவ்வின்மீது செலுத்தினால், நீர் இயல்பான திசைக்கு எதிராகப் பாய்கிறது. நல்ல நீர் மறுபக்கம் வருகிறது. உப்பு இந்தப் பக்கமே தங்குகிறது. இதுவே எதிர்ச் சவ்வூடு பரவல். பயிரை வாட்டிய அதே விதியை மனிதன் தலைகீழாக்கிப் பயன்படுத்துகிறான்.

நிலையத்தில் முதலில் பாக்டீரியாக்கள் கழிவுநீரின் கரிமப் பொருள்களைச் சிதைக்கின்றன. அடுத்து நிறமும் நுண்துகள்களும் நீக்கப்படுகின்றன. பின்னர் நீர் சவ்வுகளுக்குச் செல்கிறது. பெரும் பங்கு நல்ல நீராகப் பட்டறைகளுக்கே திரும்புகிறது. எஞ்சுவது செறிந்த உப்புநீர். இதன் நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிவிட்டால், சாயமேற்ற அதையே மீண்டும் பயன்படுத்தலாம். அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் 2011-இல் இந்த வழி சோதித்துப் பார்க்கப்பட்டது. மீதமுள்ள நீரை ஆவியாக்கி, உப்பைப் படிகமாக எடுக்கிறார்கள். ஒரு கலத்தில் எழும் நீராவியின் வெப்பத்தையே, அழுத்தம் குறைந்த அடுத்த கலத்தைக் கொதிக்கவைக்கப் பயன்படுத்தி எரிபொருளைச் சேமிக்கிறார்கள். அழுத்தம் குறைந்தால் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதிக்கும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இத்தகைய முறைகளை நிறுவிய பிறகே பட்டறைகள் படிப்படியாக மீண்டும் இயங்கத் தொடங்கின. இப்போது 18 பொது நிலையங்கள் இந்தப் பணியைச் செய்கின்றன.

ஒருவர் தவறினால்

இயந்திரம் மட்டும் போதாது. ஓர் உறுப்பினர் அளவுக்கு மேல் கழிவுநீரை அனுப்பினால் தொட்டிகள் நிறைந்து வழியும். எண்ணெய்ப் பசையுள்ள நீரை அனுப்பினால் எல்லோருக்கும் பொதுவான சவ்வு அடைபடும். யாரோ ஒருவர் இரவில் இரகசியமாக ஓடையில் திறந்துவிட்டால், மற்றவர்கள் செலவிட்ட பணமும் உழைப்பும் வீண். ஆகவே மீட்டரைச் சரியாகப் படிப்பதும், தவறியவரைச் சங்கமே தட்டிக் கேட்பதும் சுத்திகரிப்பின் பகுதிகளே.

சிக்கல்கள் முற்றும் தீர்ந்துவிடவில்லை. சவ்வுக்கு மின்சாரமும், நீரை ஆவியாக்க எரிபொருளும் ஏராளமாக வேண்டும். பிரிக்க இயலாத கலப்பு உப்பும் சேறும் மிஞ்சுகின்றன. சேற்றின் ஒரு பகுதி சிமெண்ட் ஆலைகளுக்குச் செல்கிறது. கலப்பு உப்பை என்ன செய்வது என்பது இன்னும் முழு விடை காணாத கேள்வி.

கரைந்த பொருள் கண்ணுக்குத் தெரியாமல் போகலாம், இல்லாமல் போவதில்லை. வெயிலில் வைத்த தட்டை இன்னொரு முறை பாருங்கள். அந்த வெள்ளைப் படிகங்களை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? உங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பேசுங்கள்.