முதல் டேங்க் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்

ஆர்.ஓ. மெஷினில் புது கார்பன் ஃபில்டர் மாட்டியதும் அதிலிருந்து வரும் தண்ணீர் சாம்பல் கரைத்தது போலக் கறுத்திருக்கும். போலி சரக்கோ என்று சர்வீஸ்காரரிடம் சண்டைக்குப் போகத் தேவையில்லை. ஃபில்டருக்குள் இருப்பது பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுப் பக்குவப்படுத்திய கரித்துகள். லாரியில் குலுங்கி வரும்போது துகள்கள் உரசிப் பொடி உதிர்கிறது. அதைக் குடித்தால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் அந்தப் பொடி அடுத்திருக்கும் மெம்பரேனில், அதாவது உப்பை வடிக்கும் சவ்வில், போய் அப்பிக்கொள்ளும். அதனால்தான் விவரமான சர்வீஸ்காரர் கார்பன் ஃபில்டரிலிருந்து மெம்பரேனுக்குப் போகும் டியூபைக் கழற்றி, தண்ணீர் தெளியும்வரை வாளியில் விடுகிறார்.

மெம்பரேன் புதிதென்றால் கொட்ட இன்னொரு காரணமும் உண்டு. பெட்டியில் கிடக்கும் காலத்தில் கிருமி வளராமலிருக்க, பல மெம்பரேன்களைப் பாதுகாப்பு ரசாயனத்தில் நனைத்தே அடைக்கிறார்கள். அது கழுவிப் போகவேண்டும். நிரம்பும் முதல் டேங்க்கை முழுதாகக் கொட்டச் சொல்வது வழக்கம். சில கம்பெனிகள் இரண்டு டேங்க் கொட்டச் சொல்கின்றன. மெஷினோடு வந்த கையேடு என்ன சொல்கிறதோ அதுவே கணக்கு.

உப்பை வடிக்கும் நடைமுறைக்கேற்ற சவ்வை 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாக்கியவர்கள், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் பணியாற்றிய சிட்னி லோப், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன் ஆகிய இருவர். அவர்கள் பயன்படுத்தியது செல்லுலோஸ் அசிடேட். இன்று நம் அடுக்களையில் இருப்பது பாலிஅமைடு. உப்பை இன்னும் நன்றாகத் தடுக்கும், ஆனால் குளோரின் பட்டால் அரித்துப்போகும். மாநகராட்சித் தண்ணீரில் குளோரின் இருக்கும். அதைப் பிடித்து நிறுத்துவது கார்பன். சில நூறு ரூபாய் மிச்சம் பிடிக்கக் கார்பனை மாற்றாமல் தள்ளிப்போட்டால், அதைவிடப் பல மடங்கு விலையுள்ள மெம்பரேன் போய்விடும். போர் தண்ணீர் வரும் வீட்டில் சிக்கல் வேறு. அங்கே கால்சியம் படிந்து மெம்பரேன் அடைபடும். அதனால் எல்லா வீட்டுக்கும் ஒரே ‘ஆறு மாதம்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவதில் பொருளில்லை. வரும் தண்ணீரையும் புழங்கும் அளவையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

டி.டி.எஸ். மீட்டரை டம்ளரில் முக்கிக் காட்டும் வித்தையில் எனக்கு நம்பிக்கை குறைவு. தண்ணீர் எவ்வளவு மின்சாரம் கடத்துகிறது என்று அளந்து, அதிலிருந்து கரைந்த உப்பைக் கணக்கிடும் கருவி அது. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை கரைந்த பொருள் இருக்கலாம். குழாய்த் தண்ணீரே அதற்குள் இருந்து, ஃபுளோரைடு, நைட்ரேட் போன்ற தொல்லையும் இல்லையென்றால் ஆர்.ஓ. எதற்கு?

ஆனால் மெம்பரேன் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க அந்த மீட்டர் உதவும், அளக்கும் நேரம் தெரிந்திருந்தால். மோட்டார் ஓடும்போது அழுத்தம் தண்ணீரைச் சவ்வு வழியே வேகமாகத் தள்ளுகிறது. கூடவே கசியும் கொஞ்சம் உப்பு அவ்வளவு தண்ணீரில் கரைந்து தெரியாமல் போகிறது. மோட்டார் நின்றால் தண்ணீர் தாண்டாது. உப்பு மட்டும் செறிவு மிகுந்த பக்கத்திலிருந்து நல்ல தண்ணீர்ப் பக்கம் மெல்லப் பரவிக்கொண்டே இருக்கும். ராத்திரி முழுக்க நின்ற மெஷினில் காலையில் முதலில் வருவதை அளந்தால் எண் எகிறும். அதைக் காட்டி மெம்பரேன் போச்சு என்று யாராவது சொன்னால், சில நிமிடம் ஓடவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள்.

ஊருக்குப் போய் மெஷின் பல நாள் சும்மா கிடந்தாலும் டேங்க்கைக் காலி செய்து புதிதாக நிரப்பிக்கொள்ள வேண்டும். கார்பன் குளோரினை எடுத்துவிட்ட பிறகு, தேங்கிய தண்ணீரில் கிருமி பெருகுவதைத் தடுக்க எதுவும் மிஞ்சுவதில்லை. கரி கலந்த தண்ணீரையும் புது மெம்பரேனின் முதல் டேங்க்கையும் கழிப்பறையில் ஊற்றலாம். அன்றாடம் கழிவுக் குழாயில் வருவதைத் தரை துடைக்க எடுங்கள். உப்பு மிகுந்த அதைத் தொட்டிச் செடிகளுக்குத் தொடர்ந்து விட்டால் இலை நுனி கருகும்.