பயணியர் எடையும் மின் பேருந்தின் பிரேக்கும்

சைக்கிளில் தனியாகச் செல்லும்போது பிரேக்கை இலேசாகப் பிடித்தாலே வண்டி நின்றுவிடுகிறது. பின்னால் நண்பர் ஒருவரை ஏற்றிக்கொண்டு, அதே வேகத்தில் சென்று, அதே அளவு பிரேக்கைப் பிடித்துப் பாருங்கள். வண்டி சற்றுத் தூரம் கூடுதலாக ஓடிய பின்னரே நிற்கும். அடுத்த முறை நம் கை தானாகவே அழுத்திப் பிடிக்கிறது. எழுபது பேரைச் சுமந்து செல்லும் பேருந்துக்கு இந்தப் பழக்க அறிவு எவ்வாறு கிட்டும்? பிரேக்கு பிடிக்கும்போதே மின்சாரத்தைத் திரும்பப் பெறும் மின் பேருந்தில் இக்கேள்வி மேலும் முக்கியமாகிறது. 2025 முதல் சென்னை மாநகரிலும் அரசின் மின் பேருந்துகள் ஓடுவதால், இதை நாம் தெரிந்துகொள்வது நல்லது.

டைனமோ தரும் பாடம்

இயங்கும் பொருள் ஒவ்வொன்றுக்கும் இயக்க ஆற்றல் உண்டு. நிறையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் அதன் அளவு கிடைக்கும். வண்டியை நிறுத்த வேண்டுமானால் இந்த ஆற்றலை அதனிடமிருந்து அகற்றியாக வேண்டும். சாதாரண பிரேக்கு உராய்வினால் இதை வெப்பமாக மாற்றிக் காற்றில் விட்டுவிடுகிறது. மலைப்பாதையில் இறங்கி வந்த லாரியின் சக்கரத்தருகே சென்றால் அந்த வெப்பத்தை உணரலாம்.

சைக்கிள் டைனமோவை இரவில் டயரின்மீது சாய்த்தவுடன் மிதிப்பது கடினமாகிறதல்லவா? மிதிப்பதை நிறுத்தினால் வண்டியும் விரைவில் நின்றுவிடுகிறது. விளக்கு எரியத் தேவையான ஆற்றல் வண்டியின் இயக்கத்திலிருந்தே எடுக்கப்படுகிறது. மின் மோட்டாரும் டைனமோவும் அடிப்படையில் ஒரே எந்திரமே. மின்சாரம் கொடுத்தால் சக்கரத்தைச் சுழற்றும். சக்கரம் அதைச் சுழற்றினால் மின்சாரம் கொடுக்கும். ஓட்டுநர் பிரேக்கு மிதியை அழுத்தியதும் மின் பேருந்தின் மோட்டார் டைனமோவாக வேலை செய்கிறது. பிறக்கும் மின்சாரம் பாட்டரியில் சேர்கிறது. சக்கரத்தின் வேகமும் குறைகிறது. இதையே மீட்புப் பிரேக்கு என்கிறோம்.

ஒரு சிறு கணக்கு

12 டன் எடையுள்ள பேருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. காலியாக இருக்கும்போது அதன் இயக்க ஆற்றல் 600 கிலோஜூல். ஆளுக்கு 60 கிலோ வீதம் 70 பேர் ஏறினால் எடை 16.2 டன் ஆகிறது. ஆற்றலும் 810 கிலோஜூலாக உயர்கிறது. கூடுதலான 210 கிலோஜூல் பயணியர் கொண்டுவந்தது.

மோட்டார் தரும் தடைவிசை எப்போதும் 12,000 நியூட்டன் என்று நிலையாக வைக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். காலிப் பேருந்து 50 மீட்டரில் நிற்கும். நிறைந்த பேருந்து நிற்க 67.5 மீட்டர் வேண்டும். வேறுபாடு 17.5 மீட்டர், இது ஒரு பேருந்தின் நீளத்தைவிட அதிகம்! சாலையைக் கடப்பவருக்கு இது உயிர் பற்றிய கணக்கு.

ஓட்டுநர் சும்மா இருக்கமாட்டார். மிதியை மேலும் அழுத்தி, உராய்வுப் பிரேக்கின் துணையுடன் 50 மீட்டரிலேயே நிறுத்திவிடுவார். அப்போது மோட்டார் ஈர்ப்பது 600 கிலோஜூல்; உராய்வில் வெப்பமாகப் போவது 210 கிலோஜூல். அதாவது, பயணியர் கொண்டுவந்த ஆற்றல் முழுவதற்கும் சமமான அளவு வீணாகிறது.

சரி, நிறைந்த பேருந்துக்கு ஏற்றவாறு 16,200 நியூட்டன் விசையை நிலையாக வைத்துவிடலாமே எனத் தோன்றலாம். காலியாக இருக்கும்போது அதே விசை பேருந்தின் வேகத்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடுதல் கடுமையுடன் குறைக்கும். நின்றுகொண்டிருக்கும் ஓரிரு முதியோர் முன்னே சாய்ந்து விழக்கூடும். மேலும், பெரும்பாலான பேருந்துகளில் மோட்டார் இயக்குவது பின் சக்கரங்களை மட்டுமே. சாலையின் பிடிப்பு சக்கரத்தின்மீது இறங்கும் எடையைப் பொறுத்தது. எடை குறைந்த வண்டி, மழையில் நனைந்த சாலை, வலிய தடைவிசை ஆகிய மூன்றும் சேர்ந்தால் பின் சக்கரம் வழுக்கலாம். நிறைந்த பேருந்துக்குப் பிடிப்பு அதிகம்; ஆகவே அது கூடுதல் விசையைத் தாங்கும். எனவே விசை எடைக்கேற்ப மாறுவதே முறை.

எடையை அறிவது எப்படி?

இதற்கு இரண்டு வழிகள் உள்ளன. தாழ்தளப் பேருந்துகள் பலவற்றில் இரும்பு வில்தட்டுகளுக்குப் பதிலாகக் காற்றுப் பைகள் வண்டியைத் தாங்குகின்றன. ஆட்கள் ஏற ஏற, தளம் தாழாமலிருக்க இப்பைகளுக்குள் கூடுதல் காற்று செலுத்தப்படுகிறது. அந்தக் காற்றின் அழுத்தத்தை அளந்தால், மேலே எவ்வளவு சுமை இருக்கிறது என்பது தெரிந்துவிடும். பேருந்தே ஒரு தராசாகிவிடுகிறது!

இரண்டாவது வழி நியூட்டனின் இரண்டாம் விதி. மோட்டாரில் பாயும் மின்னோட்டத்திலிருந்து அது தரும் விசையைக் கணக்கிடலாம். பேருந்து புறப்படும்போது வேகம் எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்பதையும் அளக்கலாம். விசையை முடுக்கத்தால் வகுத்தால் நிறை கிடைக்கிறது. சாலை மேடாகவோ பள்ளமாகவோ இருந்தால் விடை தவறும். ஆகவே சரிவை அளக்கும் கருவியும் வேண்டும். கதவு மூடிய பிறகு அடுத்த நிறுத்தம் வரை ஆள் எண்ணிக்கை மாறாது. எனவே ஒவ்வொரு முறை புறப்படும்போதும் ஒரு புதிய கணக்குப் போட்டால் போதும்.

மெட்ரோ ரயில்களில் இது பழகிப்போன செய்தி. பெட்டியின் காற்று வில்களில் உள்ள அழுத்தத்தைக் கொண்டு சுமையை அறிந்து, தடைவிசையை அதற்கேற்ப அமைக்கிறார்கள். அங்கு மீட்கப்படும் மின்சாரம் மின்தொடருக்குத் திரும்பி, அருகில் புறப்படும் மற்றொரு ரயிலுக்குப் பயன்படுகிறது. டில்லி மெட்ரோவின் மீட்புப் பிரேக்குத் திட்டம் 2007-இல் ஐக்கிய நாடுகளின் தூய்மை வளர்ச்சி ஏற்பாட்டில் பதிவு பெற்றது.

எல்லைகளும் உண்டு

எடையை அறிந்துவிட்டால் எல்லா ஆற்றலையும் மீட்டுவிடலாம் என எண்ண வேண்டாம். நம் கணக்கில், பிரேக்கு பிடிக்கத் தொடங்கும் நொடியில் காலிப் பேருந்து 120 கிலோவாட் திறனில் மின்சாரம் தரவல்லது. நிறைந்த பேருந்தோ 162 கிலோவாட். அவ்வளவு விரைவாகப் பாட்டரியால் ஏற்க முடியாவிட்டால் எஞ்சியதை உராய்வுப் பிரேக்கே ஏற்க வேண்டும். பாட்டரி ஏற்கனவே நிறைந்திருந்தால் மீட்பதற்கு இடமே இல்லை. வேகம் மிகவும் குறைந்த கடைசி நொடிகளில் மோட்டாரிலிருந்து பெறக்கூடியதும் சொற்பமே. ஆகவே உராய்வுப் பிரேக்கு ஒருபோதும் தேவையற்றதாகிவிடாது. இரண்டுக்கும் வேலையைப் பங்கிட்டு, மொத்தத் தடைவிசை எடைக்குத் தக்கபடி இருக்குமாறு பார்த்துக்கொள்வதே கட்டுப்பாட்டுக் கருவியின் கடமை.

மீட்பிலும் இழப்பு உண்டு. மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி, பாட்டரி ஆகிய ஒவ்வொன்றும் நூற்றுக்கு 90 பங்கைக் கடத்துவதாகக் கொண்டால், பாட்டரியில் சேருவது 73 பங்கு. அதே வழியில் சக்கரத்துக்குத் திரும்பும்போது 53 பங்கே எஞ்சும். பாதிதானே என்று அலட்சியம் செய்யலாகாது. நகரப் பேருந்து நாளெல்லாம் நின்று நின்று செல்வது. பிரேக்கு பிடிக்கும் ஒவ்வொரு முறையும் இந்தப் பாதி திரும்பி வருகிறது. கூட்ட நேரத்தில் அது மேலும் கூடுகிறது.

மாணவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். மின் பேருந்தில் செல்ல வாய்த்தால், ஓட்டுநர் பிரேக்கு பிடிக்கத் தொடங்கியதிலிருந்து பேருந்து நிற்கும்வரை எத்தனை விநாடிகள் ஆகின்றன என்பதைக் கைக்கடிகாரத்தில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கூட்டம் நிறைந்த காலையிலும் கூட்டமில்லாத பிற்பகலிலும், ஒரே நிறுத்தத்தில், பல நாள் குறியுங்கள். இரு நேரங்களின் சராசரியும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தால், ஓட்டுநரின் காலோ வண்டியின் கருவியோ உங்கள் எடையைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.