இருவர் குரலில் சுகாதார வலையொலி

மைசூர் நகரில் 1935ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 10ஆம் தேதியன்று, மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி அவர்கள் தமது இல்லத்திலேயே ஒரு சிறு ஒலிபரப்பு நிலையத்தைத் தொடங்கினார். அந்நிலையத்துக் கருவியின் ஆற்றல் 30 வாட் மட்டுமே. ஆயினும் அதற்கிட்ட 'ஆகாசவாணி' என்ற பெயரைப் பிற்காலத்தில் அகில இந்திய வானொலியே ஏற்றுக்கொண்டது. (தமிழ் மக்களிடையே 'வானொலி' என்ற சொல்லே நிலைபெற்றது என்பதும் இங்கு குறிப்பிடத்தக்கது.) வீட்டின் ஓர் அறையிலிருந்து பொதுமக்களுக்கு அறிவு புகட்ட இயலும் என்பதை அம்முயற்சி எடுத்துக்காட்டியது. அன்று அதற்கு ஒரு பேராசிரியரின் ஊக்கமும் கணிசமான பொருட்செலவும் தேவைப்பட்டன. இன்றோ ஒரு கைப்பேசியும் அமைதியான ஓர் அறையும் இருப்பின் அதே பணியைத் தொடங்கிவிடலாம். 'பாட்காஸ்ட்' எனப்படும் வலையொலி இதற்கு வழிவகுத்துள்ளது.

வலையொலியின் அமைப்பு எளியது. பதிவு செய்யப்பட்ட ஒலிக்கோப்பு இணையத்தில் ஓரிடத்தில் வைக்கப்படுகிறது. அதனுடன் ஓர் அட்டவணைக் கோப்பும் இருக்கும்; ஒவ்வொரு பகுதியின் தலைப்பு, தேதி, கோப்பின் முகவரி ஆகியவை அதில் எழுதப்பட்டிருக்கும். கேட்போரின் கைப்பேசி அவ்வப்போது இவ்வட்டவணையைப் பார்த்து, புதிய பகுதி சேர்ந்திருப்பின் அதனைப் பெற்றுக்கொள்கிறது. 'பாட்காஸ்ட்' என்ற சொல் 2004இல் பென் ஹேமர்ஸ்லி என்பவர் பிரிட்டனின் கார்டியன் நாளிதழில் எழுதிய கட்டுரையொன்றில் முதன்முதலாக இடம்பெற்றது. வானொலியினின்று இது வேறுபடும் முக்கியமான கூறு யாதெனில், சொல் காற்றோடு போய்விடுவதில்லை. பத்தாண்டு கழித்தும் ஒருவர் அதே பகுதியைக் கேட்கக்கூடும். நன்மையும் தீமையும் இதிலேயே அடங்கியுள்ளன.

மைசூரில் பள்ளி ஆசிரியையான மனைவியும் சுகாதாரப் பணியாளரான கணவரும் இத்தகைய நிகழ்ச்சியொன்றைத் தொடங்குகின்றனர் என வைத்துக்கொள்வோம். முதலில் அவர்கள் கவனிக்க வேண்டியது அறை. சிவப்புக் காவித் தரையும் உயர்ந்த சுவர்களும் கொண்ட பழைய வீடுகள் காண்பதற்கு அழகியவை. பேச்சைப் பதிவு செய்வதற்கோ ஏற்றவையல்ல. ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் வேகத்தில் செல்வதால், 3 மீட்டர் தொலைவிலுள்ள சுவரில் பட்டுத் திரும்ப ஏறத்தாழ ஒரு வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு நேரமே பிடிக்கும். இவ்வாறு திரும்பும் ஒலிகள் பல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்து மெய்யெழுத்துக்களை மங்கச் செய்கின்றன. மெத்தை, தலையணை, கனத்த துணிகள் நிறைந்த படுக்கையறையே இதற்கு உகந்தது. துணி அலமாரியைத் திறந்துவைத்து அதன் எதிரே அமர்ந்து பேசுவதும் நல்ல பலனைத் தரும்.

அடுத்தது மைக்ரபோனின் தொலைவு. வாயிலிருந்து 15 சென்டிமீட்டர் தொலைவிலுள்ள கருவியை 30 சென்டிமீட்டருக்கு நகர்த்தினால், நேராக வந்து சேரும் குரல் 6 டெசிபெல் குறைகிறது. அறையின் எதிரொலியோ குறைவதில்லை. ஆகவே தொலைவு கூடக் கூடக் குரல் எதிரொலியில் மூழ்கிப்போகிறது. இருவர் பேசும்போது இன்னொரு சிக்கலும் உண்டு. ஒருவரது குரல் இரண்டு மைக்ரபோன்களிலும் சிறு கால வேறுபாட்டுடன் பதிவாகுமாயின், அவ்விரண்டும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்; குரல் குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல் தோன்றும். வாய்க்கும் கருவிக்கும் உள்ள தொலைவைப்போல் மும்மடங்கு தொலைவை இரு கருவிகளுக்கிடையே விடுதல் வேண்டும் என்பது ஒலிப்பதிவாளர் கைக்கொள்ளும் விதி. 15 சென்டிமீட்டருக்கு 45 சென்டிமீட்டர் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். கருவி ஒன்றே உள்ள வீட்டில், இருவரும் அதன் ஒரே பக்கத்தில், சமமான தொலைவில் அருகருகே அமர்வதே போதுமானது.

கோப்பின் அளவையும் கருத வேண்டும். வினாடிக்கு 44,100 முறை, முறைக்கு 16 பிட் வீதம் பதிவு செய்த 20 நிமிடப் பேச்சு சுமார் 106 மெகாபைட் இடத்தைப் பிடிக்கும். அதனையே வினாடிக்கு 64 கிலோபிட் என்ற அளவிற்குச் சுருக்கினால் 9.6 மெகாபைட் ஆகிவிடும். பேச்சின் தெளிவும் பெரிதும் கெடாது. இணைய வசதி குறைந்த கிராமங்களிலுள்ளோருக்கு இது பெரிய உதவியாகும்.

கருவிகளைப் பற்றி இவ்வளவு போதும். சுகாதார நிகழ்ச்சியின் உண்மையான இடர்ப்பாடு வேறிடத்தில் உள்ளது. குழந்தைகளின் வயிற்றுப்போக்கிற்கு வீட்டில் தயாரிக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலையே எடுத்துக்கொள்வோம். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில், தேக்கரண்டியால் தலைதட்டி அளந்து, ஆறு கரண்டி சர்க்கரையும் அரைக் கரண்டி உப்பும் கலக்க வேண்டும். 'ஆறு', 'அரை' ஆகிய இரு சொற்களையும் வாசகர் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாராக. எழுத்தில் வேறுபாடு தெளிவாக உள்ளது. பேச்சு வழக்கிலோ, பெரும்பாலோர் 'ர', 'ற' இரண்டையும் ஒன்றுபோலவே ஒலிக்கின்றனர். விரைந்து பேசும்போது நெடிலின் மாத்திரையும் குறைந்துவிடுகிறது. பேருந்தில் அமர்ந்து கேட்கும் ஒரு தாய்க்கு இவ்விரண்டும் இடம் மாறிக் கேட்கக்கூடும். உப்பு மிகுந்தால் குழந்தையின் இரத்தத்தில் சோடியம் ஏறி, வலிப்பும் உயிருக்கு ஆபத்தும் நேரிடலாம். எனவே 'அரை' என்பதை விடுத்துப் 'பாதி' என்று சொல்லுதல் வேண்டும். ஆறினை 'ஒன்று, இரண்டு' என எண்ணியே காட்ட வேண்டும். மருந்துக் கடையிலும் சுகாதார நிலையத்திலும் கிடைக்கும் பொட்டலமே மேலானது என்பதையும், அது கிடைக்காதபோதே இம்முறை என்பதையும் அதே மூச்சில் கூறுதல் அவசியம்.

இருவர் நடத்துவதன் பயன் இங்கேதான் வெளிப்படுகிறது. கணவர் அளவைச் சொன்னதும் மனைவி, "உப்பு எவ்வளவு என்றீர்கள்?" என்று கேட்டு, விடையைத் தாமும் ஒருமுறை சொல்லலாம். இரு குரல்களின் சுருதியும் வெவ்வேறாக இருப்பதால், திரும்பக் கூறுவது சலிப்பூட்டாமல் மனத்தில் பதியும். ஆனால் தம்பதிகளுக்கே உரிய குறை ஒன்றும் உண்டு. பல்லாண்டு கூடி வாழ்ந்தவர் ஒருவர் தொடங்கும் வாக்கியத்தை மற்றவர் முடிக்குமுன்பே புரிந்துகொள்வர். பாதியில் விடப்பட்ட வாக்கியத்தைக் கேட்போர் எவ்வாறு முடிப்பர்? மனைவி தமக்குத் தெரிந்ததையும் தெரியாதவர்போல் கேட்கப் பழகுதல் வேண்டும். கணவரும் அதனைத் தம் அறிவின்மீது கொண்ட ஐயமாகக் கருதலாகாது!

சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம், நீரிழிவு, புற்றுநோய் முதலிய குறிப்பிட்ட நோய்களைத் தீர்ப்பதாக மருந்துகளை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. வாய்மொழியாகவும், ஒளி, ஒலி, புகை ஆகியவற்றின் வாயிலாகவும் செய்யப்படும் அறிவிப்புகளையும் அச்சட்டம் விளம்பரம் என்றே கொள்கிறது. ஆகவே நண்பர் ஒருவரின் சூரணத்தைப் புகழ்ந்து நிகழ்ச்சியில் சொல்லப்படும் இரண்டு வாக்கியங்களும் அதன் வரம்பிற்குள் வந்துவிடலாம். இவற்றையன்றி, உடல்நலம் பற்றிப் பேசிப் பொருள்களைப் பரிந்துரைப்போர் தமது தகுதியைத் தெளிவாகக் கூற வேண்டுமென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்ட் மாதத்தில் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. பணியிடத்தில் கண்ட நோயாளியின் கதையை ஊரும் பெயரும் மாற்றிச் சொல்வதும் சில வேளைகளில் போதாது. சிறிய ஊரில் நோயின் பெயரே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கேட்போரை ஒன்றுகூட்டுவதில் களப் பணியாளருக்குப் பழைய முன்மாதிரி ஒன்று உண்டு. 1956இல் பூனா முதலிய ஐந்து மாவட்டங்களில், யுனெஸ்கோவின் துணையுடன் வானொலிக் கிராம மன்றங்கள் நடத்தப்பட்டன. பத்து வாரங்களில் 20 ஒலிபரப்புகள் நிகழ்ந்தன; கிராமத்தார் குழுவாக அமர்ந்து கேட்டனர், கேட்டபின் விவாதித்தனர், ஐயங்களை நிலையத்திற்கு எழுதியனுப்பினர். பள்ளியிலோ அங்கன்வாடியிலோ பத்துப்பேரைக் கூட்டி ஒரு பகுதியைக் கேட்கச் செய்து, பின்னர் கரைசலை அவர்களையே கலக்கச் சொன்னால், எந்தச் சொல் தவறாகக் காதில் விழுந்தது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தவறு கண்டவிடத்துத் திருத்திய கோப்பைப் பழைய முகவரியிலேயே வைத்துவிடலாம். எனினும் முன்னரே பெற்றுக்கொண்டவர்களின் கைப்பேசியில் பழைய பதிவே தங்கியிருக்கும். ஆதலால் அடுத்த பகுதியின் தொடக்கத்திலேயே, வேறெதையும் பேசுமுன், இன்ன பகுதியில் இன்ன அளவு தவறாகக் கூறப்பட்டது, சரியான அளவு இது என்று இருவரும் சொல்லிவிடுதல் வேண்டும்.