யானை இந்தப் பக்கம் வந்ததுங்களா?



"பெண்ணிடம் பேசத் தெரிந்தவன் அன்றைய இளைஞனா, இன்றைய இளைஞனா?" இதுதான் தலைப்பு. நான் அன்றைய இளைஞன் கட்சி. எதிரணித் தம்பி என்னைப் பார்த்து, "ஐயாவுக்கு இந்த வயசுல இந்தத் தலைப்பு தேவையா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. கிளம்பும்போது எங்க வீட்டம்மாவும் அதையேதான் கேட்டாங்க. (சிரிப்பு)

தம்பி, நான் முனைவர் பட்டம் வாங்கினதே கோவை நூல்களை ஆராய்ஞ்சுதான். கோவைன்னா பக்கத்துல இருக்கிற கோயமுத்தூர் இல்லீங்க. காதலர் இருவர் சந்திப்பதிலிருந்து கல்யாணமாகிக் குடித்தனம் நடத்துவது வரைக்கும் பாட்டுப் பாட்டாகக் கோத்துச் சொல்கிற இலக்கியம். மாணிக்கவாசகர் பாடிய திருக்கோவையாரில் 400 பாட்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பொய்யாமொழிப் புலவர் பாடிய தஞ்சைவாணன் கோவையில் 425. இத்தனையும் படிச்ச நான், பெண் பார்க்கப் போன இடத்தில் பேசியது ஒரே வாக்கியம்: "பஜ்ஜி நல்லா இருக்குங்க." அது பஜ்ஜி இல்லையாம், போண்டாவாம்! இன்னைக்கு வரைக்கும் சொல்லிக் காட்டுறாங்க. (சிரிப்பு, கைதட்டல்)

என் கதை கிடக்கட்டும். கோவைத் தலைவன் எப்படிப் பேசினான்? திருக்கோவையாரையே எடுத்துக்குவோம்.

தலைவியும் தோழியும் தினைப்புனத்தில் காவல் இருக்கிறார்கள். தலைவனுக்கும் தலைவிக்கும் முன்பே மனம் ஒத்துப்போச்சு. ஆனா அது தோழிக்குத் தெரியாது. தோழி துணை இல்லாமல் காரியம் நடக்காது. அதனால், ரெண்டு பேரும் சேர்ந்திருக்கிற நேரம் பார்த்து வருகிறான். வந்து என்ன கேட்கிறான்?

"ஏனுங்க, மதம் பிடிச்ச யானை ஒண்ணு இந்தப் பக்கம் வந்ததுங்களா?" இதுக்கு வேழம் வினாதல் என்று பெயர். பதில் இல்லை. "அடிபட்ட மான் ஏதாச்சும் வந்ததுங்களா?" இது கலைமான் வினாதல். அதுக்கும் பதில் இல்லை. "உங்க ஊருக்கு வழி எதுங்க?" வழி வினாதல். "ஊர் பேராவது சொல்லுங்க." பதி வினாதல். "ஊர் பேரைச் சொன்னாப் பழி வரும்னா விட்டுடுங்க, உங்க பேரு என்னங்க?" பெயர் வினாதல்! யானையில் ஆரம்பிச்சவன் எங்கே வந்து நிற்கிறான் பாருங்க! (சிரிப்பு)

அப்பவும் அவங்க வாய் திறக்கலை. "விருந்தாளிகளோட பேசுறதில்லைன்னு ஏதாவது விரதமோ? இல்லை, வாயைத் திறந்தா முத்து சலக்குன்னு கொட்டிடுமோ?" என்கிற கருத்தில் ஒரு பாட்டு வருது. தில்லைக் கூத்தனை ஒவ்வொரு பாட்டிலும் நினைக்கிற பக்தி நூலில்தாங்க இந்தக் கேலியும் இருக்கு. அடுத்து இடை வினாதல் என்று ஒரு துறை. அதை விளக்கினா தொலைக்காட்சியில் வெட்டிடுவாங்க, வீட்டில் எனக்குச் சோறும் கிடைக்காது. தாண்டிப் போயிடுவோம்.

தோழி மட்டும் லேசுப்பட்டவளா? "வேட்டைங்கிறான், கையில் வில்லைக் காணோம். தழையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான். சொல்ற ஒரு சொல்லும் மெய்யில்லை. இடத்தை விட்டும் போகக் காணோம்!" என்று எடை போட்டுவிடுகிறாள்.

இது ஏதோ பழங்கதைன்னு நினைக்காதீங்க. இந்த ஊரில் ஒரு பனியன் கம்பெனியில் என் பழைய மாணவி ஒருத்தி செக்கிங் வேலை பார்க்கிறாள். ஓவர்லாக் மிஷினில் உட்காரும் பையன் ஒருத்தன் தினமும் இவள் டேபிளுக்கு வந்து, "கத்தரி இருக்குங்களா?" என்று கேட்பானாம். கத்தரி அவன் கழுத்துலேயே கயித்துல தொங்குது! (பலத்த சிரிப்பு) அதேதான் ஐயா, வேழம் வினாதல்! பக்கத்தில் இருந்த அக்கா, அவங்கதான் தோழி, "தம்பி, கழுத்தைக் குனிஞ்சு பாரு சாமி" என்றாராம். பையன் முகம் செவந்து போயிட்டான். அப்புறம் வரவே இல்லை. இதைச் சொல்லும்போது அந்தப் பெண்ணே சிரிச்சா.

எதிரணி கைதட்டுது, இன்றைய இளைஞனும் நல்லவன்தான்னு. பொறுங்க. அவள் அடுத்துச் சொன்னப்போ சிரிக்கலை.

அதே கம்பெனியில் இன்னொருத்தன். எப்படியோ இவள் கைப்பேசி எண்ணைப் பிடிச்சுட்டான். பதில் இல்லைன்னு தெரிஞ்சும் செய்திக்கு மேல் செய்தி. பஸ் ஸ்டாப்பில் தெரியாமப் படம் எடுத்து, "பேசலைன்னா ஊருக்கே காட்டுவேன்" என்றான். வீட்டில் சொன்னாள். வீட்டில் என்ன சொன்னாங்க தெரியுமா? "நாளையிலிருந்து வேலைக்குப் போகாதே!" தம்பியின் படிப்புச் செலவே அவள் சம்பளத்தில்தான் ஓடுது. தப்புப் பண்ணினவன் மிஷினில் உட்கார்ந்திருக்கான், பண்ணாதவள் வீட்டில் உட்காரணுமாம். இது என்னங்க நியாயம்? (கைதட்டல்)

எதிரணி கேட்கலாம். "உங்க ஆள் மடலேறலையா? காதலி உருவத்தைப் படமா எழுதிப் பிடிச்சுக்கிட்டு, பனங்கருக்குக் குதிரையில் தெருவில் வரலையா? அதுவும் படத்தைக் காட்டி மிரட்டுறதுதானே?" ஒப்புக்கிறேன். அந்த மிரட்டலை நான் நியாயப்படுத்த வரலை. ஆனா தொல்காப்பியர் ஒரு கோடு போட்டார். ஏறுவேன் என்று சொல்வது வரைக்கும் ஐந்திணை. ஏறிவிட்டால் அது பெருந்திணை, பொருந்தாக் காமம் என்று தள்ளிவைத்தார். ஒருதலைக் காதலுக்கும் தனியா ஒரு பேர் வைத்தார், கைக்கிளை. பதில் வராதவன் தனக்குத் தானே பேசி மகிழ்ந்துக்கலாம். அதோடு சரி!

"பதில் சொல்லாத பெண்ணிடம் உங்க தலைவன் இத்தனை கேள்வி கேட்டானே?" என்பீங்க. அவள் மனசு முன்பே அவனிடம் இருக்கு. அது அவனுக்கும் தெரியும், படிக்கிற நமக்கும் தெரியும். உனக்குத் தெரியுமா தம்பி? தெரியாதுன்னா உனக்கு ஒரே ஒரு கேள்விதான். மனம் ஒத்தவனையே தோழி சும்மா விடலை. சேட்படைன்னு ஒரு பகுதி முழுக்க அவனைத் தள்ளி நிறுத்துறதுதான். "இந்தத் தழை எங்க மலையிலே கிடையாது, பார்த்தவங்க எங்கிருந்து வந்ததுன்னு கேட்பாங்க" என்று திருப்பி அனுப்புகிறாள். அவன் தழையைத் தூக்கி எறியலை. அவள் பேரைக் கெடுக்கலை. காத்திருந்தான்.

இலக்கியம் தெரியாதவனுக்குச் சட்டம் இருக்கு. தமிழ்நாட்டில் 1998-லேயே பெண்களைத் தொல்லை செய்வதற்கு எதிராகச் சட்டம் வந்தது. 2013-இல் வந்த மத்தியச் சட்டப்படி, பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் புகார்க் குழு இருக்கணும். அந்தக் கத்தரி அக்காவே வீட்டுக்குப் போய், "அண்ணா, இன்னைக்கு இவளை நிறுத்தினா நாளைக்கு எங்க வீட்டிலும் நிறுத்துவாங்க" என்று அப்பாவிடம் பேசினார். அப்பா கூடவே வந்து புகார் எழுதிக் கொடுத்தார். அந்தப் பெண் இன்னைக்கும் வேலைக்குப் போகிறாள். தோழி என்றால் பாட்டில் மட்டும் இல்லீங்க, பக்கத்து டேபிளிலும் இருக்கிறாள். (கைதட்டல்)

பெற்றவர்களே, பெண் வந்து சொன்னா வேலையை நிறுத்தாதீங்க, தொல்லையை நிறுத்துங்க. தம்பிமார்களே, யானை வந்ததான்னு கேளுங்க, வேண்டாம்னு சொல்லலை. பதில் வரலைன்னா, அந்த யானையைத் தேடிக்கிட்டே அப்படியே போயிடுங்க.

(நீண்ட கைதட்டல்)