பெல் அடித்த பிறகும் அம்மா ஏன் வாசலில் உட்கார்ந்திருக்கிறார்?

நெய்வேலியில் ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். அப்பாவுக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட் வேலை. ஏழு வயது மகனுக்கு மூளை முடக்குவாதம். பையன் சூட்டிகை. சொல்வதெல்லாம் புரியும், மனக்கணக்கு சட்டென்று வரும். ஆனால் பென்சில் பிடிக்கவும், சாப்பிடவும், பாத்ரூம் போகவும் ஒரு துணை வேண்டும். பள்ளியில் சேர்த்துக்கொண்டார்கள். துணைக்கு யார்? பெல் அடித்த பிறகும் வாசல் மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அம்மாதான்!

குடும்பம் கற்பனை. ஆனால் இப்படிக் காத்திருக்கும் அம்மாக்கள் எந்த ஊரிலும் உண்டு.

சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், மாணவரின் தேவைக்கேற்ற உதவியைப் பள்ளி தர வேண்டும் என்கிறது. அதிக உதவி தேவைப்படும் பிள்ளையோடு வரும் துணையாளருக்கும் போக்குவரத்து வசதி தரச் சொல்கிறது. துணையாளருக்கு பஸ்ஸில் இடம் உண்டு. பள்ளியில் அவருக்கென்று ஒரு பணியிடம்? அதைப் பற்றித் தெளிவான கணக்கு இல்லை.

கணக்கு இருப்பது சிறப்பு ஆசிரியர்களுக்கு. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொன்ன பிறகு, 2022 ஜூனில் மத்திய அரசு விகிதத்தை அறிவித்தது. தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் மாணவர்களுக்கு ஒருவர், நடுநிலையில் 15 பேருக்கு ஒருவர். அப்படியும் வேலை நகராததால் 2025 மார்ச்சில் நீதிமன்றம் மறுபடி மாநிலங்களை விரட்ட வேண்டியிருந்தது.

நெய்வேலி நகரியத்துக்குள் என்.எல்.சி நடத்தும் பள்ளிகள், கேந்திரிய வித்யாலயா, தனியார் பள்ளிகள் எல்லாம் இருக்கின்றன. சிறப்புக் குழந்தைகளுக்கென்றே ‘சினேகா’ பள்ளியும் இருக்கிறது. நகரியத்தைத் தாண்டிய கிராமங்களில் அரசுப் பள்ளிகள்தான். சமக்ர சிக்‌ஷா திட்டத்தில் வட்டார வள மையத்தின் சிறப்புப் பயிற்றுநரும் பிசியோதெரபிஸ்ட்டும் அங்கே முறை வைத்து வருவார்கள். அவர்கள் வராத நாளிலும் பையனுக்கு பாத்ரூம் வருமே!

பெருநகரத் தனியார் பள்ளிகளில் இதற்கு ‘ஷேடோ டீச்சர்’ என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். சம்பளம் பெரும்பாலும் பெற்றோர் கையிலிருந்து. ஷிஃப்ட் சம்பளத்தில் ஓடும் வீட்டுக்கு அதெல்லாம் கட்டுப்படியாகுமா?

சரி, அரசே பிள்ளைக்கு ஒரு உதவியாளர் கொடுத்துவிட்டால் போதுமா? இங்கிலாந்தில் வகுப்பறை உதவியாளர்கள் ஏராளம். லண்டன் கல்வியியல் நிறுவன ஆய்வாளர்கள் 2003-லிருந்து சில ஆண்டுகள் அவர்களின் பணியைக் கூர்ந்து கவனித்தார்கள். உதவியாளரோடு அதிக நேரம் இருந்த பிள்ளைகள், அவர்களைப் போன்ற மற்ற பிள்ளைகளைவிடப் படிப்பில் குறைவாகவே முன்னேறியிருந்தார்கள்! உதவியாளர்கள்மீது குற்றமில்லை. ‘அவனை அவங்க பார்த்துக்குவாங்க’ என்று ஆசிரியர் மற்ற பிள்ளைகள் பக்கம் திரும்பிவிட்டார். என்ன பாடம் நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே உதவியாளரிடம் சொல்லவும் யாருக்கும் நேரமில்லை.

ஆகவே ‘உதவியாளர் வேண்டும்’ என்று ஒற்றை வரியில் மனு எழுதுவதைவிட, பையனின் ஒரு நாளை மணிவாரியாக எழுதிப் பார்ப்பது நல்லது. பாத்ரூமுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் ஆள் கட்டாயம் வேண்டும். எழுதுவதற்கு? சாய்வுப் பலகையும் தடிமனான பென்சிலும் ஓரளவு கைகொடுக்கலாம். கணக்குப் பாடத்துக்கு ஆசிரியர் போதும்; அந்த நேரத்தில் பக்கத்தில் பெரியவர் யாரும் இல்லாமல், பக்கத்து பெஞ்ச் பையனோடு அவன் அரட்டை அடிக்கட்டும். இப்படி எழுதினால், முழு நாளும் ஒருவருக்கே ஒருவர் தேவையா, இரண்டு மூன்று பிள்ளைகளுக்குச் சேர்த்து ஒருவர் போதுமா என்பது தெரிந்துவிடும். நிதி இல்லை என்று கைவிரிக்கும் இடத்தில், இரண்டாவது கோரிக்கைக்குக் காது கிடைக்க வாய்ப்பு அதிகம்.

அரசுப் பள்ளி என்றால் அந்தத் தாளைக் கொடுக்க ஓர் இடம் இருக்கிறது: பள்ளி மேலாண்மைக் குழு. கல்வி உரிமைச் சட்டப்படி குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். 2012-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறன் குழந்தைகளின் பெற்றோருக்கும் அதில் பங்கு கேட்க உரிமை உண்டு. மரத்தடியில் உட்கார்ந்திருக்கும் அம்மா, அடுத்த கூட்டம் என்றைக்கு என்று தலைமையாசிரியரிடம் இன்றே கேட்டு வைக்கலாம்.